உலகக் குடிமைக் கல்வியும் நம் மலைப் பள்ளிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் பாடம் எடுக்கும் ஆசிரியர்களும், பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் கோத்தகிரிப் பக்கம் சமூக அறிவியல் நடத்துகிறவன். என் சாய்வு பதில்களில் தெரியும்.

உலகக் குடிமைக் கல்வி என்றால் என்ன? யார் கொண்டுவந்தது?

ஒரு பிள்ளை தன் ஊர், தன் நாடு என்பதோடு நிற்காமல், உலகத்தில் நடப்பதற்கும் தனக்கும் தொடர்பு உண்டு என்று உணர்ந்து நடந்துகொள்ளப் பழக்கும் கல்வி. மனித உரிமை, அமைதி, சுற்றுச்சூழல், பிற பண்பாடுகளை மதிப்பது எல்லாம் இதற்குள் வரும். பேச்சு பழையது. ஆனால் பள்ளிக்கூடம் வரை அதைத் தள்ளிக்கொண்டு வந்தது ஐ.நா. 2012-இல் அப்போதைய பொதுச்செயலாளர் பான் கி மூன் தொடங்கிய கல்வி முயற்சியில் இது மூன்று முன்னுரிமைகளில் ஒன்று. 2015-இல் நாடுகள் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்ற இலக்கில் இது இடம் பிடித்தது. அதே ஆண்டு எந்த வயதில் எதைக் கற்பிக்கலாம் என்று யுனெஸ்கோ ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வு 2018-இல் 'உலகத் திறன்' என்று ஒன்றை அளக்கவும் ஆரம்பித்தது.

பீசா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதன் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. முடிவு வந்தபோது இரண்டும் பட்டியலின் அடியில் கிடந்தன. கேள்விகள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்கு ஒட்டவில்லை என்று சொல்லி இந்தியா ஒதுங்கிக்கொண்டது. அதில் பாதி சாக்கு, பாதி உண்மை. அளவுகோல் யாருடையது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

நம் மலையில் சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் இது பெயரோடு இருக்கிறது. இந்தியாவில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) பாடத்திட்டத்தை முதலில் எடுத்துக்கொண்டதே கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளிதான், 1976-இல். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் இந்தப் பெயரில் தனிப் பாடம் கிடையாது. குடிமையியல், புவியியல், அக்டோபர் 24 ஐ.நா. தினம் என்று சிதறிக் கிடக்கும்.

நல்ல விஷயம்தானே? இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

நோக்கத்தில் குறையில்லை. நடக்கிற விதத்தில் இருக்கிறது. பிரேசில்காரரான வனெஸ்ஸா ஆந்த்ரியோட்டி என்ற கல்வியாளர் 2006-இல் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று மென்மையான வகை: உலகத்தில் ஏழைகள் இருக்கிறார்கள், அவர்களிடம் எதுவும் இல்லை, நாம் இரக்கப்பட்டு உதவுவோம். இன்னொன்று விமர்சன வகை: அவர்களிடம் ஏன் இல்லை, யாரிடம் போய்ச் சேர்ந்தது, அந்தக் கணக்கில் நமக்கு என்ன பங்கு? பள்ளிகளில் பெரும்பாலும் முதல் வகைதான் ஓடுகிறது.

'பின்தங்கிய நாட்டுக் குழந்தைக்கு நீ எப்படி உதவுவாய்?' என்று ஒரு பயிற்சித்தாள் கேட்கிறது என்று வையுங்கள். எஸ்டேட் லைன் வீட்டில், மழை வந்தால் தகரத்துக்கு அடியில் பாத்திரம் வைக்கும் ஒரு பிள்ளை அதை நிரப்புகிறது. பென்சில் அனுப்புவேன், துணி அனுப்புவேன் என்று எழுதுகிறது. வேறொரு நாட்டில் இன்னொரு பிள்ளை அதே தாளைப் பார்த்து, 'இந்தியாவில் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைக்குப் பென்சில் அனுப்புவேன்' என்று எழுதிக்கொண்டிருக்கும்.

காலனிய நீக்கப் பார்வை இந்த இடத்தில்தான் வருகிறது. காலனி ஆட்சி போன பிறகும், யாருடைய அறிவு உயர்ந்தது, யாருடைய உழைப்பு மலிவானது என்று அது போட்டுவைத்த வரிசை கலையாமல் நிற்கிறது என்பது அதன் அடிப்படை. அனிபால் கிஹானோ என்ற சமூகவியலாளர் இதை விரிவாக எழுதினார். அவர் பெரு நாட்டுக்காரர். அந்தப் பக்கத்து மலைகளிலிருந்துதான் நம் நீலகிரிக்குச் சிங்கோனா என்ற மருந்து மரம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, இன்னும் எதற்கு அதே பேச்சு?

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வரிசையாக நிற்கும். இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தவை. விறகுக்கு, தோல் பதனிட. அதற்கு முன் அங்கே புல்வெளி இருந்தது. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்வெளி என்பதுதான் இந்த மலையின் அமைப்பு. தோடர்களின் எருமைகள் மேய்ந்த அந்தப் புல்வெளியை மரமில்லாத காலி நிலம் என்று வந்தவர்கள் கணக்கெழுதினார்கள்.

சரி, அது அவர்கள் காலம். ஆனால் புல்வெளியில் சீகையும் கற்பூரமும் நடுவது 1947-இல் நின்றுவிடவில்லை. நம் அரசும் தொடர்ந்து நட்டது. நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் அந்த மரம் சிறுமுகை விஸ்கோஸ் (செயற்கை இழை) ஆலைக்குக் கூழாக்கப் போனது. புல்வெளி என்றால் வெறும் நிலம் என்ற பார்வை கைமாறியது, அவ்வளவுதான். இன்று அதே சீகையை அகற்றப் பணம் செலவழிக்கிறோம்.

வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது? உலக வரைபடத்திலிருந்தா?

சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். முந்தின நாள் ராத்திரி வீட்டில் என்ன சாப்பாடு என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு, மிளகாய், டீ, ராகிக் களி என்று வரும். பிறகு ஒவ்வொன்றுக்கும் சொந்த ஊர் எது என்று தேடச் சொல்லுங்கள். 'ஊட்டி உருளை' தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குச் சொந்தம் என்று தெரிந்ததும் வகுப்பில் சத்தம் கிளம்பும். அதைவிடப் பெரிய சத்தம் ராகிக்கு. நம் தாத்தா பாட்டி சாப்பாடு என்று நாம் மார்தட்டும் ராகி கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பிறந்தது. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் யாரோ கையில் எடுத்து வந்து, யாரோ விதைத்து, நமக்கு வந்துசேர்ந்திருக்கிறது. அதற்குக் கம்பெனியும் இல்லை, பட்டாளமும் இல்லை.

அடுத்து சிங்கோனாவைச் சொல்லுங்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு அதன் பட்டை மருந்தாகும் என்று ஆண்டிஸ் பக்கத்திலிருந்துதான் ஐரோப்பாவுக்குத் தெரியவந்தது. 1860 வாக்கில் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தலைமையில் போன குழு விதையும் நாற்றும் எடுத்து வந்தது. தங்கள் கையை விட்டுப் போகக் கூடாது என்று அங்கே காத்துவைத்திருந்த செடி அது. ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்ஐவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். நடுவட்டத்தில் வேலைக்கு ஆள் போதவில்லை. மலாக்கா ஜலசந்திக் காலனிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளை வேலை வாங்கினார்கள். பெரு நாட்டுப் பக்கத்துச் செடி, லண்டன் பணம், சீனக் கைதி, தோடர் மேய்ச்சல் நிலம் எல்லாம் ஒரே சரிவில். அந்தப் பட்டையிலிருந்து எடுத்த மருந்தில் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். வெப்ப நாடுகளைப் பிடிக்கப் போன படைகளைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றியதும் அதே மருந்துதான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ராகியும் வந்தது, சிங்கோனாவும் வந்தது; வந்த விதத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டு ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே வந்துசேர்வார்கள். என் அனுபவத்தில், இந்த ஒரு பாடம் ஐ.நா. தினத்துக் கொடி அணிவகுப்பைவிட அதிகம் கற்றுத்தந்திருக்கிறது.

'குடிமை' என்பதை மலைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்து வகுப்பு என்றால் புத்தகமே வேண்டாம். ஏதாவது ஒரு வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட் இருக்கும். ஓரம் மடங்கி, கறுப்பு வெள்ளைப் போட்டோவில் மங்கிப்போன முகத்தோடு. சிலோனிலிருந்து வந்த தாத்தா பாட்டியுடையது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போய் இலங்கையின் காபித் தோட்டங்களிலும் பிறகு தேயிலைத் தோட்டங்களிலும் இறக்கினார்கள். மூன்று நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து, கொழுந்து பறித்து, அங்கேயே மண்ணானார்கள். இலங்கை சுதந்திரம் அடைந்த அதே 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இவர்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கணக்கில் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை லட்சம் பேரை என்ன செய்வது என்று பத்து வருஷம் கழித்து, 1974-இல் பேசி, ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம் வந்தவர்களில் ஒரு பகுதிக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்று நாம் 'டேன்டீ' என்று சொல்வது அதுதான்.

'அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள், இங்கே சிலோன்காரங்க என்கிறார்கள்' என்று பாட்டிகள் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அதை வகுப்பில் சொல்லத்தான் அவர்களுக்கு இடம் கிடைத்ததில்லை. ஒரு வருஷம் ஒரு பெண் பிள்ளை பாட்டியின் பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தாள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் இலங்கை ஊர்ப்பெயர். நாட்டினம் என்ற கட்டத்தில் இந்தியர். 'பாட்டி அதுக்கு முன்னாடி இந்தியாவைப் பார்த்ததே இல்லை சார்' என்றாள். குடியுரிமை என்பது காகிதமா, பிறப்பா, உழைப்பா என்று அன்றைக்கு நடந்த வாதம் மணி அடித்தும் அடங்கவில்லை.

அப்புறம் நான் கேட்ட கேள்வி இதுதான்: எந்த நாட்டின் குடிமகனாகவும் இல்லாத ஒருவரிடம் போய் 'நீ உலகத்தின் குடிமகன்' என்றால் அவருக்கு அது எப்படிக் கேட்கும்? எல்லை கடப்பது பெருமை என்று சொல்லும் பாடப்புத்தகங்கள் விமானத்தில் கடப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு போனவரும், ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவரும் எல்லை கடந்தவர்கள்தான்.

கொடைக்கானல் பக்கத்துப் பள்ளிகளுக்கு இப்படி ஒரு பாடம் உண்டா?

உண்டு. பாதரசம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1980களில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர் கையில். 2001-இல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசத்தோடு உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்ததை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. பக்கத்திலேயே பாம்பார் சோலை. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் வந்தது.

இதில் ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. ஆலை ஏன் அங்கிருந்து இங்கே வந்தது? 'குளிர்ச்சியான ஊர், பாதரசத்துக்கு நல்லது' என்ற காரணத்தோடு வேறு என்ன காரணம் இருந்திருக்கும்? ஜப்பானில் பாதரச நச்சால் வரும் மினமாட்டா நோய் 1956-இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அந்த அறிவு முப்பது வருஷம் கழித்தும் கொடைக்கானல் தொழிலாளியின் கையுறையாக மாறாதது ஏன்? மினமாட்டா பெயரிலேயே 2013-இல் பாதரசத்துக்கு எதிராக உலக ஒப்பந்தம் ஒன்று ஏற்கப்பட்டது. மினமாட்டாவையும் மூஞ்சிக்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு உலகம் என்றால் என்ன என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரக்கத்துக்கு இங்கே வேலை இல்லை. கழிவைத் திருப்பி அனுப்ப வைத்ததில் இந்த ஊர்க்காரர்களுக்குப் பங்கு உண்டு என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

சல்லிவனை என்ன செய்வது? அவர் நல்லவர்தானே?

ஆளைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது பாடம் ஆகாது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்தார். கன்னேரிமுக்கில் அவர் தங்கிய பங்களா இன்று நினைவகம். 2022-இல் ஊட்டியில் அவருக்குச் சிலையும் திறக்கப்பட்டது. அவர் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கினார். அதே ஆள், இந்த நிலம் தோடர்களுடையது, அவர்கள் உரிமையைக் காக்க வேண்டும் என்று மேலிடத்தோடு வாதாடவும் செய்தார். இரண்டும் உண்மை. நல்ல கலெக்டர் ஒருவர் வந்தும் நிலம் ஏன் போனது என்று கேட்டால் பிள்ளைகள் ஆளை விட்டுவிட்டு அமைப்பைப் பார்ப்பார்கள். 'ஊட்டியைக் கண்டுபிடித்தவர்' என்ற வாக்கியத்தை மட்டும் கரும்பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். அவர் வந்தபோது இங்கே ஆட்கள் குடியிருந்தார்கள்.

வகுப்பில் பழங்குடிப் பிள்ளைகள் இருந்தால் எப்படி நடத்துவது?

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். பழனி மலையில் பளியர். இந்தப் பிள்ளைகளை வகுப்பின் முன்னால் நிறுத்தி 'உங்கள் பண்பாட்டைப் பற்றிச் சொல்' என்று கேட்காதீர்கள். காட்சிப்பொருளாக இருந்து இருந்து அவர்களுக்கு அலுத்துவிட்டது. தோடர்களைப் பற்றி வெளிநாட்டு ஆய்வாளர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே தடித்தடியாக எழுதிவிட்டார்கள். மந்தில் (தோடர் குடியிருப்பில்) இருக்கும் பிள்ளை தன்னைப் பற்றி எழுதியதுதான் குறைவு.

ஒரு விழாவில் பார்த்தேன். 'உலக மக்கள்' என்று மாறுவேடப் போட்டி. ஜப்பான் கிமோனோ, அரேபிய அங்கி எல்லாம் வாடகைக் கடையிலிருந்து வந்தன. நாலாவதாக ஒரு பையன் இடுப்பில் இலையும் முகத்தில் கரியுமாக, 'ஹூ ஹூ' என்று குதித்துக்கொண்டு வந்தான். அறிவிப்பில் 'பழங்குடி'. கைதட்டல். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த குறும்பர் வீட்டுப் பிள்ளை ஒருவன் பெல்ட் பக்கிளைத் திருகிக்கொண்டே கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அதே சீருடைதான், அதே கேன்வாஸ் ஷூதான். உலக மக்களை மதிக்கக் கற்றுத்தரும் நிகழ்ச்சி என்று அழைப்பிதழில் போட்டிருந்தது.

இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயமும் உண்டு. கூடலூர்ப் பக்கம் பணியர்களைத் தலைமுறை தலைமுறையாக அடிமை வேலை வாங்கியவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் இல்லை. உள்ளூர் நிலவுடைமையாளர்கள். சமவெளியிலிருந்து ஏறி வந்த தமிழர்கள், பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தவர்கள், வியாபாரிகள், அரசு அலுவலகங்கள் என்று காட்டுக்குள் கைநீட்டியவர்கள் பல பேர். காலனியத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன் என்று லண்டனோடு நிறுத்திக்கொள்கிற ஆசிரியர் தனக்கு வசதியான பாதியை மட்டும் எடுக்கிறார். 2006-இன் வன உரிமைச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே படியுங்கள். சட்டத்தின் முன்னுரையிலேயே இந்த மக்களுக்கு நடந்த வரலாற்று அநீதி என்று எழுதியிருக்கிறது.

தேன் எடுப்பது, விதை காப்பது, காட்டுப் பாதை அறிவது போன்றவற்றைப் பாடமாக்க நினைத்தால், தெரிந்த பெரியவரைக் கூப்பிட்டு, ஆசிரியருக்குக் கொடுக்கும் மரியாதையும் சம்பளமும் கொடுத்துக் கூப்பிடுங்கள். கைதட்டி அனுப்பிவிடாதீர்கள்.

அப்படியென்றால் இங்கிலீஷ் வேண்டாம் என்கிறீர்களா? எங்கள் பிள்ளை வெளியே போக வேண்டாமா?

பெற்றோர் கூட்டத்தில் முதல் கேள்வி எப்போதும் இதுதான். கொழுந்து விலை விழுந்து, பிள்ளையாவது பெங்களூரில் ஒரு வேலைக்குப் போகட்டும் என்று நினைக்கிற குடும்பத்திடம் 'ஆங்கிலம் அடிமைத்தனம்' என்று பேச எனக்கு வாய் வராது.

1835-இல் ஆங்கிலக் கல்விக்காக வாதாடி மெக்காலே எழுதிய குறிப்பு ஐரோப்பிய நூலகத்தின் ஒரு தட்டு இந்திய, அரேபிய இலக்கியம் முழுவதற்கும் சமம் என்றது. திமிர்தான், சந்தேகமில்லை. ஆனால் அதே 19ஆம் நூற்றாண்டில், இதே நீலகிரியில் வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதரையும் பாருங்கள். 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபை சார்பில் நடந்த மாநாட்டின் கோரிக்கைகளில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் மெட்ரிகுலேஷன் படிக்க உதவித்தொகையும் இருந்தன. அவர் தமிழிலும் சித்த மருத்துவத்திலும் கரைகண்டவர். 1898-இல் கொழும்பு போய்ப் பௌத்தம் ஏற்றவர். பிறகு 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை நடத்தினார். தன் மரபைத் தோண்டி எடுப்பதும் புதிய படிப்பைக் கேட்டு வாங்குவதும் அவருக்கு முரணாகப் படவில்லை.

அதனால்தான் 'பழைய திண்ணைப் பள்ளிக்கே திரும்பிவிடுவோம்' என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. 1822-இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில் ஊருக்கு ஊர் பள்ளிகள் இருந்தது தெரிகிறது. பெருமைப்படலாம். ஆனால் பெண் பிள்ளைகள் மிகச் சிலர். சேரிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை எட்டாத உயரம். காலனிய நீக்கம் என்ற பெயரில் அந்தப் படிக்கட்டை மறுபடி கட்டுவதென்றால், நான் வரவில்லை.

இங்கிலீஷ் கற்றுக்கொடுங்கள், நன்றாகவே கற்றுக்கொடுங்கள். வீட்டில் படுகு, தோடா, பணியா பேசும் பிள்ளை அதைப் பள்ளி வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வர வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மேற்கத்திய அறிவியலையும் தள்ளிவிட வேண்டுமா?

இல்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். தானியம் அப்போதும் கப்பலேறிக்கொண்டிருந்தது. அதன் பிறகு, மழை ஏன் பொய்க்கிறது என்று அறியச் சூரியனை ஆராய வேண்டும் என்ற யோசனை எழுந்தது. அதன் தொடர்ச்சியாக 1899-இல் அந்த ஆய்வகம் வந்தது. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை அங்கேதான் கண்டார். உலகமே பயன்படுத்தும் கண்டுபிடிப்பு. பஞ்சத்துக்குக் காரணம் வானத்தில் மட்டும் இருந்ததா என்பது இன்னொரு கேள்வி. பிள்ளைகளை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போங்கள், தொலைநோக்கியைப் பார்த்து வாய் பிளக்கட்டும். திரும்பும்போது இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்.

'யாதும் ஊரே யாவரும் கேளிர்' நம்மிடம் இருக்கும்போது வேறு எதற்கு?

பிரேயரில் சொல்லி, சுவரில் எழுதி, அந்த ஓர் அடியைத் தேய்த்துவிட்டோம். கணியன் பூங்குன்றனாரின் பாட்டு அங்கே முடியவில்லை. பெரியோரை வியந்து பார்க்க மாட்டோம், சிறியோரை இகழ்வதோ அதைவிடவும் மாட்டோம் என்றுதான் முடிகிறது. கடைசி இரண்டு அடிகளைச் சுவரில் எழுதினால், தலைமையாசிரியர் அறையில் யாருக்கு நாற்காலி போடுகிறோம், யாரை நிற்கவைத்துப் பேசுகிறோம் என்று பிள்ளைகள் கவனிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால்தான் முதல் அடியோடு நிறுத்திக்கொள்கிறோமோ என்னவோ.

வெளிநாட்டுப் பள்ளியோடு இணைப்பு, மாணவர் குழு வருகை இவையெல்லாம் வேண்டுமா?

வரட்டும். சுவருக்குச் சாயம் அடித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதற்கு வர வேண்டாம். நம் பிள்ளைகளும் அவர்களைக் கேள்வி கேட்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்: உங்கள் ஊர் தேயிலைப் பாக்கெட் என்ன விலை, உங்கள் ஊரில் மூடிய ஆலைகள் எங்கே போயின, உங்கள் ஊரில் நிலம் இழந்தவர்கள் யார்? வீடியோ அழைப்பில் இதைச் செய்யலாம். பாட்டும் நடனமும் கடைசி ஐந்து நிமிஷம்.

இப்படிப் படித்தால் பிள்ளைகள் மனதில் வெறுப்பு வளராதா?

வரலாற்றைத் தெரிந்துகொண்டதால் வெறுப்பு வந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. மறைத்தது பிறகு தெரியவரும்போது கோபம் வருவதைப் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தால் அதற்கும் இடம் கொடுங்கள், அடுத்த கேள்வியை நோக்கித் திருப்புங்கள். வகுப்பிலேயே இரண்டு பக்கத்து வாரிசுகளும் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் ஆசிரியர் பெயர் சொல்லிச் சுட்டாமல் பேசப் பழக வேண்டும். அது சுலபம் இல்லை.

சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லை. இதை எங்கே நுழைப்பது?

தனிப் பாடவேளை கேட்காதீர்கள், கிடைக்காது. ஒன்பது, பத்தாம் வகுப்பில் காலனி ஆட்சி, புவியியலில் தோட்டப்பயிர், குடிமையியலில் குடியுரிமை, அறிவியலில் உலோகங்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தந்தப் பாடம் வரும்போது சிங்கோனா, பாஸ்போர்ட், பாதரசம் என்று ஒன்றை மட்டும் உள்ளே இழுத்துவிடுங்கள். பருவத்துக்கு ஒன்று போதும். பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகள் கேட்டால், செயல்திட்ட மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். சின்ன வகுப்புக்குச் சாப்பாட்டுத் தட்டு மட்டும். பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதும் வேலையை வெள்ளிக்கிழமை கொடுங்கள். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் உட்கார்ந்து பேசுவார்கள்.